கயிற்றோடு நீ ஓடிய இடம்

என் வாலு மகளுக்கு அம்மா ஆசையோடு எழுதிக்கொள்வது. நீயும் மாப்பிள்ளையும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும் என்பதுதான் காலையில் எழுந்ததும் என் முதல் நினைப்பு. இங்கே நான் நலம், அப்பாவும் நலம், அவருடைய முழங்கால் மட்டும் மாடிப்படியைக் கண்டால் நலமில்லை என்கிறது. கீழ்வீட்டுத் தையல்காரம்மாவுக்குப் பேத்தி பிறந்திருக்கிறாள், குழந்தை அழுகிற அழுகையில் கட்டிடமே விழித்துக்கொள்கிறது. இதையெல்லாம் போனில் சொல்லக் கூடாதா என்று கேட்பாய். எழுத வந்தது வேறு விஷயம். போனில் சொன்னால் நடுவில் நான் அழுவேன், எனக்குப் போட்டியாக நீ அழுவாய், சொல்ல வந்தது பாதியில் நின்றுபோகும்.

போன வாரம் நீ சொன்னது என் நெஞ்சிலேயே நிற்கிறது. நான் ஒருத்திதானே பிள்ளை, நான் திரும்பி வந்து பார்த்துக்கொண்டிருந்தால் ஆப்பிள் தோட்டத்தை விற்றிருக்க வேண்டாமே, அந்தக் கோபத்தில்தான் அப்பா என்கிட்ட தோட்டத்தைப் பத்தி வாயே திறக்கிறதில்லை என்றாய். அவர் வாய் திறக்காதது உண்மைதான். உன்னிடம் அங்கே மழையா வெயிலா என்று கேட்டுவிட்டுப் போனை என் கையில் திணித்துவிடுவார். என்னிடமும் அப்படித்தான், விற்ற நாளிலிருந்து தோட்டம் என்ற சொல்லே இந்த வீட்டில் கிடையாது. நீ அழுததை நான் மறைக்கவில்லை, அப்படியே அவரிடம் சொல்லிவிட்டேன். உருளைக்கிழங்குத் தோலைச் சீவிக்கொண்டே கேட்டார். மறுநாள் காலையில் பார்க்கிறேன், பரண்மேல் கிடந்த பழைய பூட்ஸை எடுத்து வைத்துக்கொண்டு எண்ணெய் போட்டுத் தேய்க்கிறார். தோட்டத்தை வாங்கிய மாட்டு டாக்டர் வருஷா வருஷம் பூக்கிற காலத்தில் வந்து பாருங்கள் என்று கூப்பிடுவார், இவர் ஏதாவது சாக்குச் சொல்லித் தட்டிக் கழிப்பார். இந்தத் தடவை இவரே போன் போட்டு நாங்க வர்றோம் என்றார்.

பஸ்ஸில் போகும்போது எனக்குப் பழைய நினைப்பெல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக வந்தது. நீ பிறப்பதற்கு முன்னால் கடல் தாண்டி இந்த நாட்டுக்கு வந்து அந்த நிலத்தை வாங்கியபோது எங்களுக்குக் குளிரைப் பற்றி என்ன தெரியும்? நாம் பிறந்த பக்கம் கன்று நட்டால் முதல் காரியமாக நிழல் கட்டுவோம். அதே ஞாபகத்தில் உன் அப்பா, நல்ல வெயில் விழுகிற சரிவை விட்டுவிட்டு, வெயில் சரியாகப் படாத பின்பக்கச் சரிவில் ஆப்பிள் கன்றுகளை நட்டார். பக்கத்துப் பால்பண்ணைக்காரர் வந்து பார்த்துத் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார், ஏங்க, மரத்தையெல்லாம் ஐஸ் பெட்டிக்குள்ள வச்சுட்டீங்களே என்று விழுந்து விழுந்து சிரித்தார். அது ஊர் முழுக்கப் பரவி, கடைக்குப் போனால் ஐஸ் பெட்டிக்காரர் வீட்டம்மா என்றே என்னைக் கூப்பிட்டார்கள். ஊரில் எல்லா மரமும் பூத்து உதிரும் நேரத்தில்தான் நம் மரம் சோம்பல் முறிக்கும். அப்புறம் ஒரு வருஷம், நல்ல வசந்தத்தில் திடீரென்று உறைபனி விழுந்தது. காலையில் எழுந்து பார்த்தால் ஊரில் இருந்த பூவெல்லாம் தேயிலைத் தூள் நிறத்தில் கருகித் தொங்குகிறது. நம் மரங்களில் மட்டும் மொட்டு இறுக மூடியபடி அப்படியே இருந்தது. கொஞ்ச நாள் கழித்து அவை பூத்தபோது அந்த வட்டாரத்துத் தேனீ அத்தனையும் நம் சரிவுக்குத்தான் வந்தது. அந்த ரீங்காரம் காதில் கேட்டதா காலுக்குக் கீழே மண்ணில் கேட்டதா என்று தெரியாமல் நான் நின்றேன், உடம்பு சிலிர்த்துப் போனது. நாம் தெரியாமல் செய்த ஒன்றை இவ்வளவு பெரிதாக்கித் தருகிறதே இந்தப் பூமி என்று கையெடுத்துக் கும்பிட்டேன். உன் அப்பாவோ எல்லாம் யோசித்துத்தான் நட்டேன் என்பதுபோல முகத்தை வைத்துக்கொண்டார், ஊரும் நம்பிவிட்டது.

கடைசி வரிசை நட்டபோது நீ பள்ளிக்கூடம் போகத் தொடங்கியிருந்தாய். வரிசை நேராக வருவதற்காகப் பிடித்த கயிற்றின் ஒரு முனை முளைக்குச்சியில், மறுமுனை உன் கையில், அசையாமல் நில்லு தாயி என்று சொல்லிவிட்டு அப்பா தலைகுனிந்து குழி தோண்டிக்கொண்டே போனார். நீ நாய்க்குட்டி பின்னால் கயிற்றோடு ஓடிவிட்டாய், திரும்பி வந்து எங்கேயோ ஓர் இடத்தில் நல்ல பிள்ளையாக நின்றுகொண்டாய். அவர் கயிற்றைப் பார்த்தாரே தவிர உன்னைப் பார்க்கவில்லை. கன்றெல்லாம் துளிர்த்த பிறகுதான் அந்த வரிசை பாதியில் அரிவாள் மாதிரி வளைந்திருப்பது தெரிந்தது. வேர் பிடித்ததைப் பிடுங்க வேண்டாம் என்று விட்டுவிட்டார். அன்றைக்குக் கோட்டைக் கோணலாக்கிய நீ இன்றைக்கு ரயில் பாதைக்கு நேர்கோடு போட்டுச் சம்பளம் வாங்குகிறாய் என்று நினைத்து பஸ்ஸில் நான் தனியாகச் சிரித்தேன்.

மாட்டு டாக்டர் வாசலுக்கே வந்து கூட்டிக்கொண்டு போனார். நம் பழைய சமையலறை ஜன்னலுக்குப் பச்சை வண்ணம் அடித்திருக்கிறார்கள், நீ உயரம் குறித்த கதவு நிலையை மட்டும் தொடவில்லை. மேட்டில் ஏற அப்பா என் தோளைப் பிடித்துக்கொண்டார். உச்சியில் போய்ப் பின்பக்கம் பார்த்தோம். நாம் நட்டது மேல்சரிவு மட்டும்தானே, டாக்டர் அதற்குக் கீழே ஓடை வரைக்கும் நட்டிருக்கிறார், சரிவு முழுக்க வெள்ளை, நடுவில் மண்ணே தெரியவில்லை. அதைவிட ஆச்சரியம் என்ன தெரியுமா, நம் கடைசி வரிசை வளைகிற இடத்தில் அதற்கு அடுத்த வரிசையும் வளைகிறது, அதற்கு அடுத்ததும் வளைகிறது, ஓடைக்கரை வரைக்கும் அத்தனை வரிசையும் அதே இடத்தில் ஒன்றுபோல வளைந்து இறங்குகிறது. நீ கயிற்றோடு ஓடிய இடத்தில் மலையே திரும்புகிறது.

ஏன் இப்படி நட்டீர்கள் என்று நான்தான் கேட்டேன். டாக்டர் பவ்வியமாகச் சொன்னார், ஐஸ் பெட்டி கதையை ஊரே சொல்லுது, ஐயா செஞ்சதுல காரணம் இல்லாம இருக்காது, அதான் வளைவையும் விடாம அப்படியே நட்டேன், ஆனா காரணம் மட்டும் இன்னும் பிடிபடலை, காத்துக்காகவா தண்ணிக்காகவா, நீங்களே சொல்லுங்க என்றார். அப்பா சரிவையே பார்த்துக்கொண்டு நின்றார். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது, துடைக்கவுமில்லை. பிறகு சொன்னார், அது நான் போட்ட கோடு இல்லைங்க, என் பொண்ணு போட்டது, காரணத்தை அவகிட்டதான் கேக்கணும் என்று. திரும்பி வரும்போது பஸ்ஸில் என் பக்கம் சாய்ந்து, நாம போயிட்டாலும் பிள்ளை அங்கேதான் இருக்கா, எனக்கு அவமேல என்னடி கோபம், வித்துட்டோமேன்னு அவகிட்ட பேச எனக்குத்தான் வாய் வரல என்றார். அவர் சொன்னதை ஒரு எழுத்து மாற்றாமல் எழுதியிருக்கிறேன்.

இனி நீ அதை நினைத்து அழக் கூடாது. நேரத்துக்குச் சாப்பிடு, தண்டவாளத்து வெயிலில் தொப்பி இல்லாமல் நிற்காதே. நீங்கள் இருவரும் நீண்ட ஆயுளோடும் குறையாத சிரிப்போடும் இருக்க எங்கள் ஆசீர்வாதம். ஒன்று மறக்காதே, மாட்டு டாக்டர் பதிலுக்குக் காத்திருக்கிறார், நல்ல காரணமாக ஒன்று யோசித்து வை, நாய்க்குட்டி விஷயம் வெளியே போனால் அப்பாவின் மானம் போய்விடும். ஞாயிற்றுக்கிழமை கூப்பிடு. இந்தத் தடவை போனை அவர்தான் எடுப்பார், என்னிடம் கொடுக்கச் சொல்லாதே.

இப்படிக்கு,
உன்னையும் அந்தச் சரிவையும் நினைத்துக்கொண்டே இருக்கும்
அம்மா