உன் மெஷினில் மட்டும் ஓடியது

உன் கீபோர்டின் மேல் போர்த்தியிருந்த பிளாஸ்டிக் உறையை இன்று காலை எடுத்தேன். குப்பென்று உங்கள் வீட்டு அத்தர்க் கடை வாசனை. நீ போய்ப் பன்னிரண்டு நாள் ஆகிறது, அது மட்டும் போகவில்லை. அப்படியே உன் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன்.

நம் புரோகிராம் ஓடவில்லையடா. கோட்டூர்புரம் கிளினிக்குக்காக இரண்டு வருடம் உயிரைக் கொடுத்து நீ எழுதியது. எந்த மெஷினில் கம்பைல் செய்தாலும், நோயாளியின் பெயரை அடித்ததும் அசையாமல் நின்றுவிடுகிறது.

போன வருடமும் இப்படித்தான் நின்றது, ஞாபகம் இருக்கிறதா? வேகத்தைக் கூட்டுகிறேன் பேர்வழி என்று நாம் எழுதும் வரிகளை மெஷின் மொழிக்கு மாற்றுகிற கம்பைலர்தான் நம் கோடில் எதையோ தின்றுவிடுகிறது என்று கண்டுபிடித்தாய். அதைத் தடுக்க, மேனுவலில் இல்லாத ஒரு ஆப்ஷனை, கம்பைலருக்குக் கொடுக்கிற ஏதோ சில எழுத்தை, எங்கிருந்தோ பிடித்து வந்தாய். பாண்டி பஜார் டீக்கடையில் உன் சட்டையைப் பிடிக்காத குறையாகக் கேட்டேன், "அது இன்னான்னு எங்கனா எழுதி வைடா." நீ பட்டர் பிஸ்கட்டை டீயில் நனைத்தபடி சிரித்தாய். "எழுதி இன்னா பண்ணப் போற மச்சி? நா கீறேன்ல."

அதற்கப்புறம் அடையாறு பாலத்தில் அந்த விபத்து. அடக்கம் முடிந்த நாலாம் நாள், புது ஆளுக்காக உன் மெஷினைத் துடைக்கச் சொன்னார் மேனேஜர். வேறு யார் கையும் அதில் படக்கூடாதென்று நானே முன்வந்தேன். உன் கோடு முழுவதையும் பதினோரு ஃப்ளாப்பியில் ஏற்றினேன், இரண்டு முறை சரிபார்த்தேன், பிறகு ஃபார்மேட் கொடுத்தேன். அந்த ஆப்ஷனை நீ கோடோடு வைக்கவில்லை, மெஷின் ஆன் ஆகும்போது ஓடுகிற ஃபைலில் செருகி வைத்திருந்தாய் என்பது இன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. ஐயோ, என் கையாலேயே அழித்தேனே.

"கோடே தப்புப்பா. அவன் இருந்தவரைக்கும் ஏதோ சமாளிச்சிட்டான். தூக்கிப் போட்டுட்டுப் புதுசா எழுதிடலாம்" என்கிறார் மேனேஜர். கெஞ்சிக் கூத்தாடி நாளைக் காலை வரை அவகாசம் வாங்கியிருக்கிறேன். ஏ முதல் இசட் வரை, பெரிய எழுத்து, சின்ன எழுத்து எல்லாம் போட்டுப் பார்த்தாயிற்று. எதிலும் ஓடவில்லை.

வேறு வழி தெரியாமல் மாலையில் உன் வீட்டுக்குப் போன் செய்தேன். உன் மனைவி டைரியைப் புரட்டிவிட்டு, "ஒண்ணுமே எழுதலண்ணா" என்றாள். "கேஸ் சிலிண்டர் புக்கை எங்க வெச்சாருன்னு நானே நாலு நாளா தேடிக்கினு கீறேன். எப்பக் கேட்டாலும், நா கீறேன்லன்னுடுவாரு." இரண்டு பேரும் போனை வைக்காமல் அழுதோம். உன்மேல் எனக்கு அப்படியொரு கோபம் வந்தது.

காலையில் மேனேஜரிடம் சொல்லப்போகிறேன். அவன் கோடில் தப்பில்லை, துடைத்தவன் நான்தான் என்று. வேலை போனாலும் போகட்டும். "சரி, இதை இனிமே யாருய்யா பாத்துப்பாங்க?" என்று அவர் கேட்பார். என் வாயில் வரப்போகிற பதில் ஒன்றே ஒன்றுதான், டீக்கடையில் நீ சொன்ன அதே பதில். அதைச் சொல்லத்தான் பயமாக இருக்கிறது, பாவி.