கண்ணில் ஒரு வெள்ளை

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சௌக்கியம் என்று தொடங்கத்தான் நினைத்தேன், கை ஓடவில்லை. நேற்று போனில் சொல்ல ஆரம்பித்ததுமே, "அது ஃபிளாஷ் வெளிச்சம்க்கா, நீ எதைப் பாத்தாலும் பயப்படுவே" என்று சிரித்துவிட்டு வைத்துவிட்டாய். உன் மனைவி பக்கத்தில் இருந்ததால் எனக்கும் மேலே பேச வாய் வரவில்லை. அதனால்தான் மெயிலில் எழுதுகிறேன். தனியாக உட்கார்ந்து கடைசி வரைக்கும் படி.

அப்பா எடுத்த ஸ்லைடுகள் பிஸ்கட் டப்பாக்களில் கிடந்தது உனக்கு நினைவிருக்கும். தபால் தலையைவிடச் சற்றுப் பெரிய ஃபிலிம், சுற்றிலும் அட்டைச் சட்டம். புரொஜெக்டர் கெட்டுப்போன பிறகு அவற்றை யாரும் பார்த்ததில்லை. அப்பா போனதிலிருந்து அம்மா சுவரையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பார்க்கச் சகிக்காமல், எல்லாவற்றையும் ஸ்டூடியோவில் கொடுத்து டிஜிட்டலாக மாற்றி வாங்கி வந்தேன். டிவியில் பென் டிரைவைச் செருகினால் படங்கள் தானாக மாறிக்கொண்டே இருக்கும். நீ அனுப்பிய உன் பாப்பாவின் படங்களையும் அதிலேயே சேர்த்துவிட்டேன். அம்மாவுக்கு முகத்தில் களை வந்தது. படம் எடுத்தவர் அப்பா என்பதால் அவர் எதிலுமே இல்லை. ஒரு படத்தின் ஓரத்தில் மட்டும் விரல் தெரிகிறது. வந்தவர்களிடமெல்லாம் அதைக் காட்டி, "அதுதான் எங்க வீட்டுக்காரர்" என்று சொல்லிச் சிரித்தாள்.

போன செவ்வாய்க்கிழமை டிவிக்கு எதிரே நின்று துணிக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன். அம்மா மடியில் நீ உட்கார்ந்திருக்கும் படம் வந்தது. உனக்கு ஒரு வயது இருக்கும். ஒரு கண்மணி கறுப்பு. இன்னொன்று பாலை ஊற்றினாற்போல வெள்ளை. படம் மாறியது. அடுத்தது பாப்பா. அவளுக்கும் ஒரு கண்ணில் அதே வெள்ளை.

டிவியில் ஏதோ கோளாறு என்றுதான் முதலில் நினைத்தேன். தேடிப் பார்த்ததில் அன்றைக்கே, அதே மடியில் எடுத்த இன்னொரு படம் கிடைத்தது. அதில் உன் இரண்டு கண்ணும் கறுப்பு. மனசு கேட்காமல் ஸ்டூடியோக்காரருக்குப் போன் செய்தேன். "பூஞ்சை பிடிச்ச புள்ளின்னு நெனச்சேன் மேடம். ஒண்ணுல கறுப்பாக்கிட்டேன், இன்னொண்ணு கண்ணுல படலை. அதையும் சரி பண்ணித் தரவா?" என்று கேட்டார். டப்பாவிலிருந்து அசல் ஸ்லைடை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். ஃபிலிமில் பூஞ்சை ஏதும் இல்லை. வெள்ளை உன் கண்ணில்தான் இருந்தது.

தம்பி, அக்காவோடு விளையாடும்போது குச்சி குத்தி உனக்கு ஒரு கண் போனது என்றுதான் நம் வீட்டில் சொல்வார்கள். அந்தக் குச்சியை நினைவுக்குக் கொண்டுவர நான் எவ்வளவோ முயன்றிருக்கிறேன். இந்தப் படத்தில் உன் கண்ணில் காயம் இல்லை. நீ சிரித்துக்கொண்டிருக்கிறாய்.

படத்தை நிறுத்தி வைத்து அம்மாவிடம் கேட்டேன். டிவியை அணைத்தாள். அப்புறம், "கண்ணுக்குள்ள கட்டின்னாங்க. கண்ணை எடுக்கலைன்னா பிள்ளை தங்காதுன்னாங்க" என்றாள். குச்சி எங்கிருந்து வந்தது என்று கேட்டதும் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள்.

எனக்குக் கண்ணாடி எழுதிக் கொடுக்கும் டாக்டரிடம் உன் படத்தையும் பாப்பா படத்தையும் கொண்டு போனேன். சாய்ந்து உட்கார்ந்திருந்தவர் நிமிர்ந்தார். குழந்தைக்கு என்ன வயது, எங்கே இருக்கிறது என்று மட்டும் கேட்டார். வெளிச்சத்தால் இருக்கலாம், வேறு காரணமும் இருக்கலாம், ஆனால் தகப்பனுக்கு இப்படி இருந்திருந்தால் ஒரு வாரம்கூடத் தள்ளிப் போடக் கூடாது என்றார். வலி இருக்காதாம், குழந்தை அழாதாம், நன்றாக விளையாடுமாம். பாப்பா அழுததே இல்லை என்று நீ பெருமையாகச் சொல்வாயே.

இரண்டு படங்களையும் இத்துடன் அனுப்புகிறேன். நாளைக்கே கண் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போ. உன் கண்ணுக்கு என்ன ஆனது என்பதை அங்கே டாக்டரிடம் முதலில் சொல். ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டால் ஆயுசு முழுக்க என்னைக் கேலி செய், கேட்டுக்கொள்கிறேன்.

உன் பதிலுக்காகப் போனைக் கையிலேயே வைத்திருக்கும்,
அக்கா

*

அக்காவுக்கு,

உன் மெயிலைப் படித்ததும் பாப்பாவின் வெள்ளை தெரிந்த கண்ணைக் கையால் மூடிப் பார்த்தேன். பொம்மையை விடாமல் விளையாடிக்கொண்டிருந்தாள். மற்றக் கண்ணை மூடியதும் வீறிட்டு என் கையைத் தள்ளினாள். அதற்கு மேல் நான் வீட்டில் நிற்கவில்லை.

புற்றுக்கட்டிதான். கண்ணைத் தாண்டிப் போகவில்லை என்கிறார்கள். மருந்து ஏற்றத் தொடங்கிவிட்டார்கள். கண்ணை எடுக்காமலே பார்க்கலாம் என்று சொன்னார்கள், பார்வை எவ்வளவு மிஞ்சும் என்று சொல்லவில்லை. இன்னொரு கண் இப்போதைக்குச் சுத்தம். அந்த "இப்போதைக்கு" என்ற வார்த்தையோடுதான் நாங்கள் படுக்கிறோம், எழுகிறோம். என் மனைவி சமையலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுகிறாள். எனக்குக் கேட்காது என்று நினைக்கிறாள்.

எனக்கும் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். என்னிடமிருந்துதான் வந்திருக்கிறது.

அம்மாவிடம் நான் பேச மாட்டேன். கல்யாணத்துக்கு முன்னால் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், பாப்பா பிறந்த அன்றைக்கே கண்ணைப் பார்த்திருப்பார்கள். நீ போன் செய்தால் அவளிடம் கொடுக்காதே.

தம்பி

*

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதத்தை எத்தனை தரம் படித்தேனோ தெரியாது. டாக்டரிடம் காட்டினேன். சரியான நேரத்தில் போயிருக்கிறீர்கள் என்றார். அதையே பிடித்துக்கொண்டு நடமாடுகிறேன். அடுத்த தரம் மருந்து ஏற்றும்போது நான் வந்து கூட இருக்கிறேன். லீவு சொல்லிவிட்டேன். உன் மனைவியிடம் சொல், குழாயைத் திறக்காமலே அழட்டும், யாரும் எதுவும் சொல்ல மாட்டார்கள்.

அம்மாவைப் பற்றி எழுதினால் உனக்குக் கோபம் வரும். இருந்தாலும் எழுதுகிறேன். அவள்மேல் கோபப்பட எனக்கும் உரிமை உண்டு. சின்ன வயதில் உனக்குச் சோறு ஊட்டும்போது கரண்டிக் காம்பு உன் முகத்தில் படுமோ என்று அதை வைத்துவிட்டு விரலால்தான் ஊட்டுவேன். என் பிள்ளைகள் கையில் பென்சிலைக்கூட நிம்மதியாகக் கொடுத்ததில்லை. இதையெல்லாம் அம்மாவிடம் சொல்லிக் கேட்டேன், ஏன் என்று.

"அவன் பொழைச்சதே போதும்னு இருந்துச்சு. அதோட பேரைச் சொன்னா திரும்ப வந்துருமோன்னு பயம். யாரோ குச்சியான்னு கேட்டாங்க, ஆமான்னுட்டேன்" என்றாள். அப்புறம் என் கையைப் பிடித்து மடியில் வைத்துக்கொண்டாள். பரம்பரையாக வரும் என்று அன்றைக்கு யாரும் அவளுக்குச் சொல்லவில்லையாம். எனக்கு அது பொய்யாகத் தெரியவில்லை.

இப்போது டிவியைப் போட விடுவதில்லை. போன் அடித்தால் எடுத்துக்கொண்டு வந்து என்னிடம் கொடுத்துவிட்டு, கதவோரம் நின்று என் முகத்தையே பார்க்கிறாள். குழந்தைக்கு முடி கொட்டிவிட்டதா என்று மட்டும் ஒருநாள் கேட்டாள். தெரியாது என்றேன். சாப்பாடு இறங்கவில்லை அவளுக்கு.

தம்பி, ஞாயிற்றுக்கிழமை காலையில் போன் செய். போனை வீட்டிலேயே வைத்துவிட்டு நான் கடைக்குப் போயிருப்பேன். அம்மாதான் எடுப்பாள். நீ அவளோடு ஒரு வார்த்தையும் பேச வேண்டாம். போனைப் பாப்பா வாய்க்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போய்விடு.

நம் குழந்தையைத் தெய்வம் கைவிடாது.

அக்கா