நீட்டு ஜெபக்காரரும் நகவெட்டியும்

ஜூன் 2, திங்கள்
தொண்டைக்குள் குழாயை விட்டுப் பார்த்த மருத்துவர், கட்டி என்றார். பயப்படும் கட்டி இல்லையாம். ஆனால் ஆறு வாரம் ஒரு வார்த்தை பேசக் கூடாது. என்ன வேலை என்று கேட்டார். ஓய்வு பெற்றவன், சபையில் மூப்பர், ஜெபம் செய்வேன் என்று தாளில் எழுதிக் காட்டினேன். எவ்வளவு நேரம் என்றார். நான் பேனாவை எடுப்பதற்குள் மனைவி முந்திக்கொண்டாள். "பன்னெண்டு நிமிஷம், டாக்டர். அதுவும் அவசரமா இருந்தா."

ஜூன் 8, ஞாயிறு
எனக்குப் பதில் வேறொருவர் ஜெபித்தார். மூன்றே நிமிடம். கூரை இடிந்து விழவில்லை. நாலைந்து பேர் வந்து, நன்றாக ஓய்வெடுங்கள், அவசரமே இல்லை என்றார்கள். அதிலென்ன அவ்வளவு உற்சாகம்?

ஜூன் 14, சனி
போதகர் போன வருடம் வந்தவர். பழைய கதை எதுவும் தெரியாது. வாய்தானே மூடியிருக்கிறது, கால் நன்றாகத்தானே இருக்கிறது என்று நினைத்தாரோ என்னவோ, படுத்த படுக்கையாக இருப்பவர் ஒருவரைப் பார்த்து வரச் சொல்லி முகவரி கொடுத்தார்.

போனால் - தையற்காரர். ஒன்பது வருடத்துக்கு முன் நம் சபைக்கு வருவதை நிறுத்தியவர். நிறுத்தியதற்குக் காரணம் நான். இப்போது பார்வை போய்விட்டது. கூட இருக்கும் மகளுக்கு என்னைத் தெரியாது. "சபையிலேர்ந்து வந்திருக்காருப்பா. பேச மாட்டாராம்" என்றாள். "அப்ப இருக்கட்டும்" என்றார் அவர்.

ஜெபிக்க முடியாது. வேறு என்ன செய்வது? அரை மணி நேரம் சுவரைப் பார்த்தேன். அவருடைய கால்நகம் போர்வையில் மாட்டி, முகம் சுளித்தார். ஜன்னலோரம் நகவெட்டி கிடந்தது; எடுத்தேன். மகள் வெந்நீர் கொண்டுவந்தாள். இயேசு சீடர்களின் கால் கழுவியதைப் பற்றி நாற்பது நிமிடம் பிரசங்கித்தவன் நான். தண்ணீர் எவ்வளவு சூடாக இருக்க வேண்டும் என்று அதில் ஒரு வரிகூட இல்லை. முதலில் அவரைச் சுட்டுவிட்டேன்.

ஜூன் 28, சனி
இன்று கைநகம். "உங்க சபையில ஒரு நீட்டு ஜெபக்காரர் இருந்தாரே, இன்னும் இருக்காரா?" என்று கேட்டார். ஆமாம் என்பதற்கு அவர் முழங்காலில் ஒரு தட்டுத் தட்டினேன். "இருக்காரா? பாவம் நீங்க" என்றார். மகள் சிரித்தாள். நானும் சத்தமில்லாமல் சிரித்து வைத்தேன்.

ஜூலை 5, சனி
இன்று அவராகவே சபையை விட்ட கதையைச் சொன்னார். அதில் எனக்கு முன்பே தெரிந்த பாதி இது. ஒன்பது வருடத்துக்கு முன் அந்த ஞாயிற்றுக்கிழமை காலை, நான் கோவிலுக்குப் போகிற வழியில் அவர் கடையில் மிஷின் ஓடும் சத்தம் கேட்டது. ஓய்வுநாளில் தையலா? ஒரு மணி நேரம் கழித்து அவர் திருவிருந்துக்கு வந்து முழங்காலிட்டார். நான் திராட்சை ரசக் கிண்ணத் தட்டோடு வரிசையாக வந்தேன். அவர் கை நீட்டினார். அவரை விட்டுவிட்டு அடுத்தவருக்குப் போனேன். வெற்றுக்கையோடு எழுந்து போனவர்தான்.

"அன்னிக்குத் தைச்சது என்ன தெரியுமா? பக்கத்துத் தெருவுல பிறந்து ரெண்டு நாள்ல போன குழந்தைக்கு ஒரு சட்டை. அடக்கம் மத்தியானம். அந்த அளவுல கடையில எங்க கிடைக்கும்?"

ஒன்பது வருடம் சரியாகத்தான் செய்தேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். அட மடையா, கேட்கவே இல்லையே நீ!

ஜூலை 14, திங்கள்
பேசலாம் என்றுவிட்டார் மருத்துவர். பேசினால் தையற்காரருக்குக் குரல் தெரிந்துவிடும். சனிக்கிழமை மட்டும் ஊமையாகவே இருந்துவிடட்டுமா என்று மனைவியிடம் கேட்டேன். "கண்ணு தெரியாத மனுஷன்கிட்ட நாடகமா?" என்றாள்.

ஜூலை 19, சனி
இடது கால் முடிந்தது. வலது கால் தண்ணீரில் இருந்தபோது சொன்னேன். "தட்டை நகர்த்தினவன் நான்தான்." அவர் காலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். சட்டையெல்லாம் தண்ணீர். "போங்க" என்றார். வந்துவிட்டேன்.

ஜூலை 26, சனி
போகவில்லை. என்ன முகத்தோடு போவது?

ஜூலை 27, ஞாயிறு
தட்டு ஏந்த மாட்டேன் என்று போதகரிடம் சொல்லிவிட்டு, ஆராதனை முடிந்து பின்னால் கிண்ணம் கழுவப் போனேன். இரண்டு உடைந்தன. "ஐயா, நீங்க ஜெபமே பண்ணுங்க" என்றார்கள் அங்கிருந்த அக்காமார்.

ஆகஸ்ட் 1, வெள்ளி
தையற்காரரின் மகள் தொலைபேசியில் கூப்பிட்டாள். "அப்பா கேக்கச் சொன்னாரு. வலது கால யாரு வெட்டறதாம்?"

கையில் இருந்த தண்ணீர்க் குவளையைக் கீழே வைத்துவிட்டு அழுதேன்.

ஆகஸ்ட் 2, சனி
"மன்னிச்சிட்டேன்னு நினைச்சுக்காதீங்க. நகம் குத்துது" என்றார். ஒவ்வொரு விரலாக வெட்டினேன். சுண்டுவிரலுக்கு வரும்போது, "ஜெபம் ஒண்ணு பண்ணுங்க. சின்னதா" என்றார்.

தொண்டையைச் செருமினேன். நாற்பது வருடமாகச் சொன்ன அத்தனை வாக்கியமும் ஓடி வந்தது. ஒன்றுகூட அந்த அறைக்குப் பொருந்தவில்லை. "ஆண்டவரே, அந்தக் குழந்தை…" என்றேன். அதற்கு மேல் முடியவில்லை. காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவரே "ஆமென்" என்றார்.

வீட்டில் மனைவி, எவ்வளவு நேரம் ஜெபித்தீர்கள் என்று கேட்டாள். மூன்று வார்த்தை என்றேன். அவள் என் நெற்றியில் கைவைத்துப் பார்த்தாள்.