காற்றாலை மேட்டில் இரண்டு நிமிடம்

வெல்டகெம்
மே 14

அன்புள்ள ஒமேர்,

ஸ்பெயினிலிருந்து நீ போட்ட பட அஞ்சலட்டை நேற்று வந்து சேர்ந்தது. மொத்தம் நாலு வரி, அதில் மூன்று மழையைப் பற்றி. மழையா, அதை நான் ஜன்னலைத் திறந்தாலே பார்த்துக்கொள்வேன். உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது, வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா, அதை எழுதக் கூடாதா?

இங்கே எல்லாரும் சௌக்கியம். உன் அப்பா புறாக்களோடு பேசும் நேரம் போக மிச்ச நேரமெல்லாம் நம் பீர்க்கடையில் உட்கார்ந்து உன்னைப் பற்றித்தான் பேசுகிறார். நீ ஜெயிக்காத பந்தயங்களை அவர் சொல்லக் கேட்டால் ஜெயித்தவன்கூட வெட்கப்படுவான். கடைக்கு ஒரு டெலிவிஷன் வாங்கிப் போட்டிருக்கிறோம். வீர்லே அதன் பின்பக்கம் போய் எட்டிப் பார்த்துவிட்டு, "அப்பா எந்தப் பக்கமா வெளிய வருவாரும்மா?" என்று கேட்டாள். கடையே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பெரிய சேதி உனக்கே தெரிந்திருக்கும். ஜூலையில் டூர் சைக்கிள் பந்தயம் நம் ஊர் வழியாகப் போகிறதாம். மேயர் பேண்டு வாத்தியத்துக்குச் சொல்லிவிட்டார். மாமாவுக்குத் தலைகால் புரியவில்லை. "பாத்துக்கிட்டே இரு இர்மா! கூட்டம் அப்படியே மெதுவாகிடும். என் புள்ள மட்டும் தனியா முன்னால வருவான். வாசல்ல இறங்கி உனக்கு முத்தம் குடுத்துட்டு அவன் திரும்பின பொறவுதான் மத்தவன் பந்தயத்தைத் தொடங்கணும். எந்த ஊர்க்காரனா இருந்தாலும் அவன் ஊருல அவனுக்கு அந்த மரியாதை உண்டு!" என்று வருகிறவன் போகிறவனிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். உன் மேனேஜர் இன்னும் இரண்டு வருட ஒப்பந்தத்துக்கு உன்னைக் கேட்டிருக்கிறாராம். இதை எனக்குச் சொன்னது நீ இல்லை, பேப்பர் போடுகிறவன். வீர்லே பள்ளிக்கூடம் போக ஆரம்பித்ததும் நிறுத்திவிடுவேன் என்றாய். செப்டம்பரில் அவள் பள்ளிக்கூடம் போகிறாள். எனக்குச் சுற்றிவளைத்துப் பேசத் தெரியாது. நீ வீட்டில் இருக்க வேண்டும் என்று ஆசையாக இருக்கிறது. உன் முடிவு என்ன?

உன்
இர்மா

கிரெனோபிள்
ஜூன் 9

என் இர்மாவுக்கு,

உன் கடிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்திருந்தேன். வியர்வையில் பாதி அழிந்துவிட்டது, ஆனால் திட்டிய பகுதி மட்டும் நன்றாகத் தெரிகிறது.

முழங்கால் பரவாயில்லை. சாப்பாடு வாய்க்கு விளங்கவில்லை. நம் ஊர் உருளைக்கிழங்கு வறுவலை நினைத்தாலே கண்ணில் தண்ணீர் வருகிறது. நேற்று வெயில் கொளுத்தியது. எங்கள் அணித் தலைவன் வான் டாம்மேக்கு நாக்கு வறண்டுவிட்டது. தண்ணீர் கொண்டுவருவது என் உத்தியோகமாயிற்றே. வழியில் ஒரு கடைக்குள் சைக்கிள் ஷூவோடு தடதடவென்று ஓடி, கையில் கிடைத்த பாட்டில்களையெல்லாம் சட்டைக்குள் திணித்துக்கொண்டு வெளியே பாய்ந்தேன். கடைக்கார அம்மாள் துடைப்பத்தோடு துரத்தினாள். "அடேய், உன் பொண்டாட்டி கடைன்னா இப்படிச் செய்வியா?" என்று கேட்டிருப்பாள் என்றுதான் தோன்றியது. பீர்க்கடைக்காரியின் புருஷன் ஊர் ஊராகப் பீர்க்கடையில் கொள்ளையடிக்கிறேன், பார்.

ஏழு வருடமாக இதுதான். முன்னால் போகத் தெம்பிருந்தாலும் பின்னால் திரும்பி, வான் டாம்மே எங்கே, டயர் வெடித்துவிட்டதா, பசிக்கிறதா என்று பார்ப்பது. ஒரு பந்தயம்கூட நான் ஜெயித்ததில்லை. அதில் எனக்குக் குறையில்லை. இது மனதறிந்து எடுத்த வேலை.

மேனேஜர் கேட்டது உண்மை. நான் இன்னும் கையெழுத்துப் போடவில்லை. உன்னிடம் மறைக்க வேண்டும் என்று இல்லை, அந்தப் பேப்பர்காரன் முந்திக்கொண்டான். முடிவு எடுத்துவிட்டேன், ஆனால் இதைக் காகிதத்தில் எழுத எனக்குக் கை வரவில்லை, இர்மா. உன் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். ஊருக்குள் என்னை முன்னால் விடுவார்கள். இரண்டு நிமிடம் கிடைக்கும். அதற்கு மேல் நிற்கக் கூடாது, அப்படியே ஓடிவிடவும் கூடாது. அப்படி விடப்பட்டவன் பந்தயத்தைத் திருடிக்கொண்டு போனதாக இதுவரை கேள்விப்பட்டதில்லை. அந்த இரண்டு நிமிடத்தில் வாசலில் வந்து சொல்கிறேன். அதுவரை பொறுத்துக்கொள்.

வீர்லேயிடம் நான் முன்பக்கமாகவே வருவேன் என்று சொல்.

உன்
ஒமேர்

ரூபே
ஜூலை 2

இர்மா,

இன்றைய பந்தயம் முடிந்ததும் கடைக்குப் போன் செய்தேன். அப்பா எடுத்தார். பின்னால் ஊரே பாடிக்கொண்டிருந்தது, அவர் அழுதுகொண்டிருந்தார். நீ இன்னும் வரவில்லை என்பது மட்டும் புரிந்தது. அதனால் எழுதுகிறேன்.

நடந்ததை உனக்குச் சொல்ல வேண்டும், பேப்பரில் வேறு மாதிரி எழுதுவார்கள். ஊருக்கு வெளியே வான் டாம்மே என் தோளில் தட்டி, "போடா மாப்பிள்ளை, உன் வீடு வருது" என்றான். கூட்டம் வேகத்தைக் குறைத்தது. பாதிப் பேர் இதுதான் சமயமென்று சாலையோரம் ஒதுங்கினார்கள், எதற்கென்று உனக்கே தெரியும். நான் வாசலுக்கு வந்தேன். பேண்டு வாத்தியம், மேயர், போட்டோக்காரன், எல்லாரும் இருந்தார்கள். நீ இல்லை. அப்பா கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்து, "மேல இருக்காடா! காத்தாலைகிட்ட! இங்க நிக்காத, ஏறு, ஏறு!" என்று கத்தினார்.

ஏறினேன். கல்பாவிய அந்த மேட்டில் பல்லைக் கடித்துக்கொண்டு ஏறினேன், கூட்டம் வருவதற்குள் உன்னிடம் இரண்டு நிமிடம் நிற்க வேண்டுமே. பின்னால் இருந்தவர்களுக்கு இது எப்படித் தெரிந்திருக்கும் என்று அப்போது உறைக்கவில்லை. சொந்த ஊரில் நிற்காமல் ஒருவன் மேட்டில் பறக்கிறான். திருடன் என்றுதானே நினைப்பார்கள்?

மேலே நீயும் வீர்லேயும் நின்றீர்கள். நான் கிட்டே வந்ததும் நீ ஓடிவந்து என் முதுகில் கைவைத்துத் தள்ளினாய். "போ ஒமேர்! போ! திரும்பிப் பாக்காத!" என்றாய்.

போனேன். பின்னால் வந்தவர்கள் யார் துரத்துவது என்று சண்டை போட்டுத் தீர்ப்பதற்குள் நான் வெகுதூரம் போய்விட்டேன். கடைசிவரை யாரும் பிடிக்கவில்லை. ரூபேயில் தனியாக வந்து இன்றைய பந்தயத்தை ஜெயித்தேன். நீ தள்ளியதற்காக நடுவர்கள் எனக்குப் பத்து நொடி தண்டனை போட்டார்கள், அதைக் கேட்டு வான் டாம்மே விழுந்து விழுந்து சிரித்தான்.

அவன் ஒருவன்தான் சிரித்தான். மற்றவர்கள் யாரும் கைகொடுக்கவில்லை. சாப்பாட்டு மேசையில் ஒரு பிரெஞ்சுக்காரன் எனக்குக் கேட்கிற மாதிரி, "முத்தம் குடுக்கப் போனவன் கப்பை எடுத்துட்டு வந்துட்டான்" என்றான். எழுந்து அறைக்கு வந்துவிட்டேன். வான் டாம்மே பின்னாலேயே வந்து, உண்மையில் என்ன நடந்தது என்று கேட்டான். சொன்னேன். "என் பொண்டாட்டி என் பந்தயத்தைப் பாக்கக்கூட வந்ததில்லடா" என்று சொல்லிவிட்டு விளக்கை அணைத்தான்.

மேனேஜர் ஆனந்தக் கூத்தாடுகிறார். இப்போது இரண்டு வருடம் இல்லையாம், மூன்று வருடமாம். சின்னப் பந்தயங்களில் நானே தலைவனாம். போர்தோவில் ஓய்வு நாள். அன்று கையெழுத்துப் போட வேண்டும் என்கிறார்.

சொல்ல வந்ததை நான் சொல்லவே இல்லை. இனி சொல்லித்தான் என்ன? உன் விருப்பம் என்னவென்று உன் கை எனக்குச் சொல்லிவிட்டது. இருந்தாலும் போர்தோவுக்கு ஒரு வரி எழுதிப் போடு. அதைப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுகிறேன்.

ஒமேர்

வெல்டகெம்
ஜூலை 5

அன்புள்ள ஒமேர்,

உன் படம் எல்லாப் பேப்பரிலும் வந்திருக்கிறது. மாமா ஒவ்வொன்றிலும் இரண்டிரண்டு வாங்கி, ஒன்றைக் கடையில் ஒட்டுகிறார், ஒன்றைப் புறாக்கூண்டில் ஒட்டுகிறார். மூன்று நாளாகக் கடையில் பீர் தீர்ந்து தீர்ந்து வருகிறது. ஊர் ரொம்பச் சந்தோஷமாக இருக்கிறது. அந்தப் பிரெஞ்சுக்காரன் கிடக்கிறான், அவன் பேச்சை மனதில் வைத்துக்கொள்ளாதே.

நான் ஏன் வாசலில் நிற்கவில்லை என்று நீ கேட்கவில்லை. கேட்காவிட்டாலும் சொல்லிவிடுகிறேன். காலையில் பேண்டு வாத்தியக்காரர்கள் வந்து இறங்கியதும் எனக்கு வாசலில் நிற்கப் பிடிக்கவில்லை. என் புருஷன் என் வாழ்க்கையை என்ன செய்யப்போகிறான் என்பதை மேயர் பக்கத்தில் நின்றுகொண்டா கேட்பது? நீ ஒரு வார்த்தை சொல்வாய், எனக்கு முகம் மாறும், போட்டோக்காரன் படம் எடுப்பான். வேண்டாம் சாமி என்று வீர்லேயைக் கூட்டிக்கொண்டு மேலே போய்விட்டேன். உன்னை மேலே அனுப்பச் சொல்லி மாமாவிடம் சொல்லிவிட்டுத்தான் போனேன்.

இன்னொன்றும் இருக்கிறது. உன்னிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது? முந்தின நாளே பெட்டி கட்டி வைத்திருந்தேன். நீ இன்னும் இரண்டு வருடம் என்று சொன்னால், சாயங்கால பஸ்ஸில் வீர்லேயோடு கெண்ட் நகரத்துக்கு, என் அக்கா வீட்டுக்குப் போய்விடுவது என்று முடிவு செய்திருந்தேன். உன்னைப் பயமுறுத்த அல்ல. எனக்கு அலுத்துவிட்டது, ஒமேர். படுக்கையில் உன் பக்கம் இஸ்திரி போட்ட துணியை அடுக்கி வைக்கிற அளவுக்கு அலுத்துவிட்டது.

அப்புறம் நீ மேட்டில் ஏறி வந்தாய். பின்னால் ஒருவரும் இல்லை. சைக்கிளில் உன் முகத்தை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன், எப்போதும் பல்வலிக்காரன் மாதிரி இருப்பாய், எப்போதும் பின்னால் திரும்பிக்கொண்டிருப்பாய். அன்றைக்கு நீ நேராகப் பார்த்துக்கொண்டு வந்தாய். சிரித்துக்கொண்டு வந்தாய். நம் கல்யாணத்தன்றுகூட நீ அப்படிச் சிரிக்கவில்லை. இவனுக்கு இது இவ்வளவு பிடித்திருக்கிறதே, முதல் தடவையாக முன்னால் போகிறானே, நான் போய்க் குறுக்கே நிற்பதா என்று நினைத்தேன். கை தானாகத் தள்ளிவிட்டது.

நீ போன பிறகு வீர்லே, "நம்ம அப்பாதானேம்மா? ஏன் தள்ளினே? எங்கிட்ட வரவே இல்லையே" என்று கேட்டு அழுதாள். அவளைச் சமாதானம் செய்து கீழே கூட்டிவர நேரமாகிவிட்டது. அதனால்தான் உன் போனை எடுக்க முடியவில்லை.

ஆகவே கையெழுத்துப் போடு. மனதாரத்தான் சொல்கிறேன். நான் எங்கும் போகவில்லை, பெட்டியைப் பிரித்துவிட்டேன். மூன்று வருடம்தானே, ஓடிவிடும். அப்படிச் சிரிக்கிற ஒருவனை வீட்டுக்குள் பிடித்து வைத்து நான் என்ன செய்யப்போகிறேன்?

மலையில் இறங்கும்போது சட்டைக்குள் பேப்பர் வைத்துக்கொள், இல்லாவிட்டால் நெஞ்சில் குளிர் தங்கிவிடும்.

உன்
இர்மா

போர்தோ
ஜூலை 10

என் பைத்தியக்கார இர்மாவுக்கு,

உன் கடிதத்தை ஹோட்டல் மாடிப்படியில் நின்று படித்தேன். அப்படியே உட்கார்ந்துவிட்டேன். மேனேஜர் பேனாவோடு கீழே காத்துக்கொண்டிருந்தார்.

வாசலில் உன்னிடம் சொல்ல நினைத்தது ஒரே வரிதான்: "போதும், நான் வந்துவிடுகிறேன்." ஸ்பெயினிலேயே முடிவு செய்துவிட்டேன். எழுதியிருக்கலாம். உன் முகம் மலர்வதைப் பக்கத்திலிருந்து பார்க்க வேண்டும் என்ற அற்ப ஆசை. அதனால் வந்த வினை இது.

மேட்டின் மேல் இறங்குவதற்காகக் பெடலில் காலைக் கட்டியிருக்கும் வாரைத் தளர்த்திவிட்டேன், தெரியுமா? ஒரு கால் கீழே வரப்போகிற நேரத்தில்தான் உன் கை முதுகில் பட்டது. இவளுக்கு நான் வேண்டாம், என் ஜெயம்தான் வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். அந்த ஆத்திரத்தில்தான் மிதித்தேன். ரூபேவரை அழுதுகொண்டே மிதித்தேன். பேப்பரில் அதை ஆனந்தக் கண்ணீர் என்று எழுதியிருக்கிறார்கள். என்னைவிட நல்ல கால்கள் உள்ளவர்கள் அந்தக் கூட்டத்தில் நூறு பேர் இருந்தார்கள், இர்மா. யாருக்கும் அப்படி ஒரு கோபம் இல்லை, அவ்வளவுதான். போன கடிதத்தில் இதை எழுத ரோஷம் விடவில்லை.

மேனேஜரிடம் மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். "ஜெயிச்ச வாரத்துலயே விட்டுட்டுப் போறவனை நான் பாத்ததே இல்ல, உனக்கு மூளை கலங்கிடுச்சா?" என்று கத்தினார். கத்தட்டும். டூர் முடிகிற பாரிஸ்வரை வான் டாம்மேக்குத் தண்ணீர் சுமப்பேன், அது அவனுக்கு நான் கொடுத்த வாக்கு. பிறகு நேராக ரயில் ஏறிவிடுவேன். அந்த இஸ்திரித் துணியை வேறு எங்காவது அடுக்கி வை.

வீர்லேயிடம் நான் நிற்காமல் போனது அவளை மறந்து இல்லை என்று சொல். முதல் நாள் பள்ளிக்கூடத்துக்கு நான்தான் கூட்டிக்கொண்டு போவேன். என் கைதான் பிடிக்க வேண்டும் என்று இப்போதே பேசி வைத்துவிடு.

அந்தச் சிரிப்பைப் பற்றி எழுதியிருந்தாயே. பந்தயத்தில் நான் முன்னால் இருக்கிறேன் என்பதே அப்போது எனக்கு நினைவில்லை. மேட்டின் விளிம்பில் உன் தலை தெரிந்தது, பிறகு முகம் தெரிந்தது. உனக்கே தெரியாது போலிருக்கிறது.

நீதான் முதலில் சிரித்தாய்.

உன்
ஒமேர்