நாய்ப்படைக்கு ஆதாரம்

8 ஜூன் 2025, ஞாயிறு

ஏழாவது தோல்வி. ஹெப்சிபா டீச்சர் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் என் பாளையக்காரர் கோட்டை பதினொரு மணிக்கெல்லாம் விழுந்துவிட்டது. என் மகளுக்கு வரலாறு நடத்துகிறவர். மேசையில் நாங்கள் ஆடும் பொம்மைப் போரில் எப்போதும் அவர்தான் வெள்ளைக்காரக் கம்பெனிப் படை. பீரங்கியும் குதிரையும் அவர் பக்கம் இருந்தால் யார்தான் ஜெயிக்கமாட்டார்கள்?

மூன்று வாரம் கண் வலிக்க வர்ணம் தீட்டிய பன்னிரண்டு வெள்ளை நாய்ப் பொம்மைகளை எடுத்து வைத்தேன். ராஜபாளையத்து நாய்கள் வெள்ளைக்காரன் குதிரையை விரட்டிக் கடித்தன என்று எங்கள் ஊரே சொல்கிறது.

“ஊரு சொல்லும் தம்பி. எழுத்துல இருக்கா? ஆதாரம் இல்லாம எம் மேசையில நாய் ஏறாது.”

டீச்சர் இருக்கும் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து நாய்களை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் திரும்பினேன். வாசலிலேயே என் மனைவி பாண்டிசெல்வி: “இன்னிக்காவது ஜெயிச்சீகளா?”

ஒருதடவை. ஒரே ஒருதடவை ஜெயித்துவிட வேண்டும்.

15 ஜூன்

நாய் வளர்க்கும் ஆண்டிச்சாமி அண்ணனிடம் போனேன். “ஆதாரமா? இந்தா நிக்கான் பாரு. இவன் பாட்டன் பூட்டன் அம்புட்டும் பட்டாளம்.” அந்நேரம் தெருவில் கல்யாண ஊர்வலத்துக் குதிரை வந்தது. பட்டாளத்து வாரிசு கட்டிலுக்கடியில் போய்ப் படுத்துக்கொண்டது. “காலையில இருந்து வயிறு சரியில்ல அவனுக்கு” என்றார்.

விளையாட்டுக்காக நான் எழுதிய விதித்தாளை அங்கேயே விட்டுவிட்டு வந்துவிட்டேன். ‘நாய் ஆறு அங்குலத்துக்குள் வந்தால் குதிரைப்படை சிதறும்.’ போகட்டும், ஆதாரமில்லாத விதி.

23 ஜூன்

டீச்சர் போன் செய்தார். “தம்பி, ஆதாரம் கெடச்சிருச்சு!”

ஆசிரியர்கள் வாட்ஸ்அப் குழுவில் வந்ததாம். மேலே மீசை வைத்த ராஜா படம், ‘பழங்கால ராணுவக் குறிப்பு’. நடுவில் என் விதி, எழுத்து மாறாமல். கீழே ‘குட்டிகள் கிடைக்கும்’, ஆண்டிச்சாமி அண்ணன் நம்பர்!

“ஆறு அங்குலம்னு இருக்கே டீச்சர்?”

“பிரதி எடுத்தவன் பிழை. ஆறு கெஜமா இருக்கும்.”

24 ஜூன்

சொல்லவா? ஜெயிச்சிட்டுச் சொல்லவா?

29 ஜூன், ஞாயிறு

நாய்கள் மேசை ஏறின. குதிரைப்படை சிதறியது. பத்தரைக்கு என் கோட்டை அப்படியே நிற்கிறது, டீச்சரிடம் இரண்டே பீரங்கி. இன்னும் ஒரு சுற்றுதான்.

“ஆகஸ்ட்ல ஆசிரியர் கூட்டத்துல இதப் பத்திக் கட்டுரை வாசிக்கப் போறேன் தம்பி. உம் பேரையும் போடுதேன்.”

அய்யோ. முந்நூறு டீச்சர் முன்னாடி இவங்க மானம் போகுமே! சொல்லிவிட்டேன். எல்லாவற்றையும்.

“அங்குலம்னு பாத்ததுமே மேசைக் கணக்குன்னு எனக்குத் தோணியிருக்கணும்” என்று டீச்சர் நாய்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பெட்டியில் வைத்தார். குதிரைகளைப் பழைய இடத்தில் நிறுத்தினார். இருபது நிமிடத்தில் கோட்டை போயிற்று. எட்டாவது தோல்வி.

கிளம்பும்போது சொன்னார்: “அடுத்த வாரம் நான் பாளையம், நீ கம்பெனி. நாயைக் கொண்டு வா.”

“ஆதாரம் இல்லியே டீச்சர்?”

“கோட்டை வாசல்ல காவலுக்கு நிக்கட்டும். காவலுக்கு எதுக்கு ஆதாரம்?”

6 ஜூலை, ஞாயிறு

பீரங்கி, குதிரை, எல்லாம் என் பக்கம். தோற்றுவிட்டேன்.