இரண்டு வாய், ஒரு சட்டைப் பை

12-7-1963, வெள்ளி

இன்று முதல் என் வாய்க்குள் ரப்பர் ஆட்சி. போன மாதம் மதுரை டாக்டர் லட்சுமிகாந்தம் பல்லுக்குப் பல் தகட்டு வளையம் மாட்டி, அதன்மேல் கம்பி ஓட்டினார். அது போதாதென்று இன்று மேல்வரிசைக் கொக்கியிலிருந்து கீழ்க் கடைவாய்க் கொக்கிக்கு ஒரு சின்ன ரப்பர் வளையத்தை இழுத்து மாட்டிவிட்டார். வலது பக்கம் ஒன்று, இடது பக்கம் ஒன்று. தினம் புதிது மாற்ற வேண்டும், இரவு பகல் கழற்றக் கூடாது. பஸ் திருமங்கலம் தாண்டுவதற்குள் முப்பத்திரண்டு பல்லும் தனித்தனியாக ஒப்பாரி வைக்கத் தொடங்கின. பாண்டியர் காலத்தில் இந்த ரப்பர் மட்டும் இருந்திருந்தால் யுத்தமே நடந்திருக்காது. ஆளுக்கு இரண்டு மாட்டிவிட்டால் எதிரிப் படை தானாகப் படுத்திருக்கும்.

முப்பத்து மூன்று வயதில் எனக்கு எதற்கு இது? கம்பி வேண்டியது அக்கா மகள் ஞானசுந்தரிக்கு. பதினாறு வயது, மேல்வரிசை முன்னால் தள்ளி உதடு மூடாது. அவளே விசாரித்து, அவளே அடம்பிடித்து டாக்டரைக் கண்டுபிடித்தாள். அவள் அப்பா, என் மச்சான் காளிராஜ், மிளகாய் வத்தல் மண்டிக்காரர், "ஊர்ல எவன் வாயில கம்பி போட்டிருக்கான்?" என்றார். நான் நெஞ்சை நிமிர்த்தி, "நான் போடுதேன், அப்பச் சரியா?" என்றேன். டாக்டர் என் வாயைத் திறந்து பார்த்துவிட்டு, இவருக்குத்தான் முதலில் போட வேண்டும் என்று மிகுந்த மரியாதையோடு சொன்னார். ஆக, அவளுக்கும் எனக்கும் ஒரே நாளில் கம்பி, ஒரே நாளில் ரப்பர்.

13-7-1963

இட்லியை மோரில் கரைத்துக் குடித்தேன். இதற்குமேல் எழுதவும் பல் வலிக்கிறது.

15-7-1963, திங்கள்

மச்சான் சட்டம் போட்டுவிட்டார். "பிள்ள ஒரு நேரம் சாப்பிடாமக் கிடந்தாள்னு தெரிஞ்சாப் போதும், மறுநாளே கம்பியக் கழட்டிருவேன். பல்லு எப்படி இருந்தா என்ன, பிள்ள திங்கணும்." மனிதர் கோபக்காரர் இல்லை. மகள் தும்மினாலே மண்டியைப் பூட்டிவிட்டு வருகிற ஆள்.

அதனால் ஞானம் அவர் முன்னால் உட்கார்ந்து மூன்று வேளையும் தின்று காட்டுகிறாள். கம்பங்கூழ், குழையக் குழையப் பருப்புச் சோறு. மென்றால் வலிக்கும், மெல்லாவிட்டால் அப்பாவுக்குச் சந்தேகம். ஆகவே வெறும் தாடையை ஆட்டுகிறாள். அந்த நடிப்புக்கு நாடகக் கம்பெனிக்காரன் காலில் விழுந்து கூப்பிடுவான். நான் பக்கத்திலிருந்து, "ஆகா, முறுக்கு மாதிரி மொறுமொறுன்னு இருக்கே" என்று கூழைப் புகழ்ந்தேன். மேஜைக்கு அடியில் என் காலை மிதித்தாள்.

20-7-1963, சனி

ஒரு வாரத்தில் அவள் வலியை வசக்கிவிட்டாள். விளக்கு வைத்ததும் புது ரப்பர் மாட்டினால் முதல் வலி தூக்கத்தோடு போய்விடுகிறதாம். வெந்நீரில் உப்புப் போட்டுக் கொப்பளிக்கிறாள். கன்னத்தில் ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றி வைத்துக்கொண்டு பாடம் படிக்கிறாள்.

நானோ, கம்பெனிக்குச் சரக்கு ஏற்ற வந்த லாரிக்காரர் சாத்தூர்ச் சேவுப் பொட்டலத்தைப் பிரித்த மணத்தில் ரப்பரைக் கழற்றிவிட்டேன். ஐந்து நிமிஷம் என்றுதான் நினைத்தேன். மூன்று மணி நேரம் ஆயிற்று. திரும்ப மாட்டியதும் தாடையில் இடி இறங்கியது. ஞானம் என் முகத்தைப் பார்த்ததும் கண்டுகொண்டாள்.

"கழட்டினீகளா மாமா?"

இல்லை என்றேன்.

"விட்டு விட்டுப் போட்டா தெனமும் மொத நாள் வலிதான். டாக்டர் சொன்னாக இல்ல? நீங்கதான் காது குடுக்காம நர்ஸம்மாட்டப் பேசிக்கிட்டு இருந்தீக."

29-7-1963, திங்கள்

எம். புதுப்பட்டிப் பட்டாசுக் கம்பெனியின் ஆர்டர் கிளார்க் செல்லச்சாமியாகிய நான் இன்று செய்த வீரச்செயலை யாரிடமும் சொல்ல முடியாது. இங்கே மட்டும் எழுதுகிறேன்.

இரண்டு பேருடைய ரப்பர்ப் பொட்டலமும் என் சட்டைப் பையில்தான் இருக்கும். வீட்டில் வைத்தால் மச்சான் கண்ணில் பட்டுக் குப்பைக்குப் போய்விடும் என்று நானே பொறுப்பை ஏற்றிருந்தேன். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பின் கணக்குப்பிள்ளை மொக்கைச்சாமி அண்ணாச்சி மேஜையில் தலை கவிழ்ந்து குறட்டை விட்டார். அந்த வழுக்கை ஜன்னல் வெளிச்சத்தில் திருமலை நாயக்கர் மகால் தளம்போல மின்னியது. விரலில் ஒரு ரப்பரை இழுத்து விட்டேன். தவறியது. இன்னொன்று. அதுவும் தவறியது. பிறகு அது மானப் பிரச்சினையாகிவிட்டது. என் பொட்டலம் தீர்ந்து அவள் பொட்டலத்தைப் பிரித்ததுகூட எனக்குச் சரியாக நினைவில்லை. ஒன்று நடு உச்சியில் பட்டது. அவர் ஈயை விரட்டிவிட்டுத் தொடர்ந்து தூங்கினார்.

பொறுக்கலாம் என்று எழுந்தபோது முதலாளி கூப்பிட்டார். திரும்பி வருவதற்குள் ராக்காயி பெருக்கி வாரி வெளியே கொட்டிவிட்டாள். மிச்சம் எட்டு. இரண்டு வாய்க்கும் இரண்டு நாள். மதுரை போய்வர லீவு கேட்டேன். "சீசன்" என்ற ஒற்றைச் சொல்லில் பேச்சை முடித்துவிட்டார் முதலாளி.

1-8-1963, வியாழன்

மேதைக்கு வழி பிறந்தது. சைக்கிள் கடையில் நின்றபோது வால்டியூப் கண்ணில் பட்டது. காற்றடிக்கும் முனையில் மாட்டுகிற சன்னமான ரப்பர்க் குழாய். ஒரு சாண் வாங்கி பிளேடால் நறுக்கினேன். அதே அளவு, அதே வட்டம். கொஞ்சம் தடிமன். தடிமனாயிருந்தால் பல் சீக்கிரம் நகரும், அவ்வளவுதானே? நேரு மாமாவின் ஐந்தாண்டுத் திட்டத்தையே இரண்டாண்டில் முடித்திருப்பேன், என்னைக் கேட்டிருந்தால்.

ஞானத்திடம், சீமையிலிருந்து புது மாதிரி வந்திருக்கிறது, டாக்டர் பார்சலில் அனுப்பினார் என்றேன். ஏன் கறுப்பாயிருக்கிறது என்று மட்டும் கேட்டாள். சீமையில் இப்போது கறுப்புத்தான் என்றேன். உடனே மாட்டிக்கொண்டாள். நானும் மாட்டினேன்.

3-8-1963

வலி. இன்று உவமை எதுவும் வரவில்லை.

4-8-1963, ஞாயிறு

அக்கா பஞ்சம்மாள் கறிக்குழம்பு வைத்திருந்தாள். ஞானம் சோற்றைப் பிசைந்தாள், பிசைந்துகொண்டே இருந்தாள். வாய் திறக்கவில்லை. கண்ணீர் தட்டில் விழுந்தது. நேற்றும் அவள் மெல்லாமல் கூழை மட்டும்தான் விழுங்கினாள் என்பதை அக்கா அப்போதுதான் சொன்னாள்.

மச்சான் கை கழுவிவிட்டு வந்து நின்றார். "நாளைக்கு மதுரை. கழட்டிருவோம்."

"இன்னும் ரெண்டு நாள் பாக்கேன்பா."

"வேண்டாம் தாயி. போதும்."

நான் அங்கேதான் உட்கார்ந்திருந்தேன். ஒரு வார்த்தை போதும், கம்பி மேல் குற்றமில்லை, என் ரப்பர் மேல் என்று. சொன்னேனா? சொல்லல. ஏன்? மச்சான் ஏசுவாருன்னா? அவரு ஏசி நான் செத்தா போயிருவேன்? அது இல்ல. "டாக்டர் அனுப்பினாக"ன்னு சொன்னதும் மறுபேச்சு இல்லாம மாட்டுச்சே அந்தப் பிள்ள — அது மொகத்தை அப்புறம் எப்படிப் பாக்க?

மத்தியானமே அவள் கறுப்பு ரப்பரைக் கழற்றிவிட்டாள். நான் கழற்றவில்லை. எனக்கு அந்த வலி வேண்டியதுதான்.

5-8-1963, திங்கள்

வயிற்றுவலி என்று கம்பெனிக்குச் சொல்லியனுப்பிவிட்டு நானும் பஸ் ஏறினேன்.

டாக்டர் ஞானத்தின் பற்களை ஒவ்வொன்றாக அசைத்துப் பார்த்தார். மூன்று வாரம் நன்றாக இருந்தது திடீரென்று இப்படி ஆகக் கூடாதே என்றார். சில பேருக்கு எலும்பு தாங்காது, கழற்றிவிடுவதுதான் நல்லது போலிருக்கிறது என்றார். மச்சான் தலையாட்டினார். டாக்டர் கம்பி கழற்றும் குறட்டைக் கையில் எடுத்தார். ஞானம் அழவில்லை; நாற்காலிக் கையை மட்டும் இறுகப் பிடித்திருந்தாள், விரல் வெளுத்துப் போகிற அளவுக்கு.

பஸ்ஸில் நான் ஒரு பெரிய பேச்சைத் தயார் செய்து வைத்திருந்தேன். அதில் ஒரு வரிகூட வாயில் வரவில்லை. "டாக்டர், மொதல்ல என் வாயைப் பாருங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுத் திறந்து நின்றேன்.

இடுக்கியால் ஒரு கறுப்பு வளையத்தை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். இது என்ன என்றார். வால்டியூப் என்றேன். அவளுக்கும் இதையா என்றார். ஆமாம் என்றேன். பிறகு முழுவதையும் சொன்னேன், மொக்கைச்சாமி அண்ணாச்சியின் வழுக்கை வரைக்கும்.

"பல்லை நகர்த்துறதுக்கு நான் ரப்பர் குடுத்தேன். நீங்க பிடுங்குறதுக்குக் குடுத்திருக்கீங்க," என்றார் டாக்டர். கையிலிருந்த குறட்டைக் கீழே வைத்துவிட்டார். எலும்பில் குற்றமில்லை, ஒரு வாரம் ரப்பர் இல்லாமல் இருந்தால் பல் இறுகிவிடும், பிறகு பழையபடி தொடங்கலாம் என்று மச்சானிடம் சொன்னார்.

மச்சான் மகள் பக்கம் திரும்பினார். "வலிக்கும்ல தாயி?"

"வலிக்கும்பா. அது எனக்குத் தெரிஞ்ச வலி."

கம்பி நிற்கிறது. புதுப் பொட்டலம் இரண்டையும் மச்சான் கை நீட்டி வாங்கித் தம் பையில் போட்டுக்கொண்டார். ஞானம் என் பக்கம் திரும்பவே இல்லை.

13-8-1963

மாலை ஆனதும் மச்சான் மண்டியிலிருந்து வந்து, மாரியம்மன் கோயில் பூசாரி திருநீறு கொடுப்பதுபோல ஆளுக்கு இரண்டு ரப்பர் கொடுக்கிறார். எனக்குக் கொடுக்கும்போது கூடுதலாக ஒரு பார்வையும்.

ஞானம் இன்னும் பேசவில்லை.

25-8-1963, ஞாயிறு

இருபது நாள் மௌனம் இன்று உடைந்தது. விடிந்ததும் டார்ச் லைட்டோடு என் முன்னால் வந்து நின்றாள்.

"வாயத் திறங்க."

திறந்தேன். வலது, இடது, மேல், கீழ் என்று லைட்டை அடித்துப் பார்த்தாள்.

"இனிமே தெனமும் பாப்பேன். ஒரு நாள் கழட்டியிருந்தீகன்னா, மொக்கைச்சாமித் தாத்தாட்டப் போயி யாரு அடிச்சதுன்னு சொல்லிருவேன்."

அந்த மிரட்டலில் எவ்வளவு நிம்மதி. எனக்கு ஆயுள் தண்டனை கொடுத்திருந்தாலும் எழுந்து நின்று கும்பிட்டிருப்பேன்.

7-9-1963

நிஜமாகவே வலி குறைந்துவிட்டது. கழற்றாமல் இருந்தால் குறையும் என்பதை என் மண்டைக்குள் ஏற்ற ஒரு டார்ச் லைட் வேண்டியிருந்தது. இன்று தோசை, முறுகல் இல்லாதது, ஒன்பது. அக்கா ஐந்து என்கிறாள். அவளுக்குக் கணக்கு வராது.

29-9-1963, ஞாயிறு

மதுரை போய்வந்தோம். ஞானத்துக்கு மேல்வரிசை ஒரு நெல் பருமன் உள்ளே வந்திருக்கிறது. டாக்டர் கண்ணாடியைக் கொடுத்துக் காட்டினார். உதடு இன்னும் முழுக்கச் சேரவில்லை, ஆனால் சேரப் போகிறது என்பது பார்த்தாலே தெரிகிறது. எனக்கு அரை நெல். அது எப்படிக் குறைந்தது என்று யாரும் கேட்கவில்லை.

திரும்பும்போது ஞானம் முன் சீட்டில் ஜன்னலோரம் தூங்கிவிட்டாள். மச்சான் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். ஆகஸ்டுக்குப் பிறகு அவர் என் பக்கத்தில் உட்காருவது இதுதான் முதல் தடவை. கப்பலூர் தாண்டும் வரை வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மகள் முழித்திருக்கிறாளா என்று எட்டிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, கீழுதட்டை விரலால் இறக்கிக் காட்டினார்.

"மாப்ளே, எனக்கும் இந்த ரெண்டு பல்லு ஒண்ணு மேல ஒண்ணு ஏறிக் கிடக்குல்ல. ரொம்பவா வலிக்கும்?"

நாக்கு நுனியில் யானை, இடி, பிரளயம் எல்லாம் வரிசையில் வந்து நின்றன. எல்லாவற்றையும் திருப்பி அனுப்பிவிட்டேன்.

"மூணு நாள் வலிக்கும் மச்சான். நாலாம் நாள் இட்லி திங்கலாம்."

அவர் உதட்டை விட்டுவிட்டு, இட்லியா என்று கேட்டார். ஆமாம் என்றேன்.