கிழக்குக் குழாயை மூடச் சொன்னார்கள்

நாள் 301. காலை 07:10
மேற்குக் குழாய் அழுத்தம் சரி. கிழக்குக் குழாய் அழுத்தம் சரி. பம்புகள் இரண்டும் ஓடுகின்றன. இரண்டாவதில் மட்டும் லேசான முனகல், கிரீஸ் வைத்தேன்.

இதை யார் எடுத்துப் படிப்பீர்களோ தெரியாது. நான் அமலோற்பவம், காற்று நிலையப் பொறியாளர். செவ்வாயின் பனிவயலில் தனியாக இருக்கிறேன். நகரத்தின் இரு பக்கத்துக்கும் காற்று இங்கிருந்துதான் இரண்டு குழாய்களில் போகிறது. நாற்பது கிலோமீட்டர் தள்ளி நகரம், பதினோராயிரம் பேர். மேற்கில் கயல் கப்பலில் வந்தவர்களின் வம்சம், கிழக்கில் மகரம் கப்பல் வம்சம். ஜனாதிபதி கயல் என்றால் பிரதமர் மகரம், அதுதான் ஒப்பந்தம். நான் தும்பிக் கப்பல். எண்பதே குடும்பம், எங்களால் யாருக்கும் பயமில்லை. அதனால்தான் இந்த வேலை எனக்குக் கிடைத்தது.

ஜனாதிபதி கடம்பநாதனின் பதவிக்காலம் முடிந்து மூன்று மாதம் ஆகிறது. தேர்தல் வைக்கவில்லை. பிரதமர் திருவேங்கடம் அவரை 'முன்னாள்' என்றே அழைக்கிறார்.

நாள் 304. காலை 10:25
நகரின் நடுச்சுவர் வாசலை இரு பக்கமும் அடைத்துவிட்டார்கள். காவல்படை வம்சவாரியாகப் பிரிந்துவிட்டது.

ஜனாதிபதியே பேசினார்: "அமலோற்பவம், கிழக்குக் குழாய ஒரு நாலு மணி நேரம் மூடுங்கம்மா. யாருக்கும் ஒண்ணும் ஆகாது. சும்மா பயமுறுத்தத்தான்."

முடியாது என்றேன்.

பகல் 12:05
பிரதமர்: "மேற்க மூடும்மா. உன் தங்கச்சி பிலோமினா இங்கதான வாழ்க்கப்பட்டிருக்கா? நம்ம பொண்ணு அவ."

தங்கையின் பெயரையே இழுத்தார். முடியாது என்றேன்.

நாள் 305. காலை 08:00
இரண்டு உரையாடல்களையும் பொது அலைவரிசையில் போட்டேன். ஊர் முழுக்கக் கேட்டது.

மாலை 16:30
சுவரின் இரு பக்கமும் ஜனங்கள் கூடித் தட்டைத் தட்டிச் சத்தம் போடுகிறார்களாம். தலைவர்கள் பேச ஒப்புக்கொண்டார்கள். நேற்று முதல் இறங்காத சோறு இறங்கியது.

நாள் 307. காலை 09:15
உடன்பாடு வந்துவிட்டது. அதன் முதல் வரி என்னைப் பற்றியது: காற்று நிலையம் இனி இரு படைகளின் கூட்டுக் காவலில். மற்ற எதிலும் ஒத்துப்போகாதவர்கள் இதில் மட்டும் ஒத்துப்போனார்கள். இரண்டு வண்டிகள் வருகின்றன.

பகல் 13:40
பம்பு அறையில் யார் கொடியை மேலே கட்டுவது என்று தகராறு தொடங்கியது. சுட்டுக்கொண்டார்கள். நான் கட்டுப்பாட்டு அறையைப் பூட்டிக்கொண்டேன். அடிபட்டவர்களைத் தூக்கிக்கொண்டு இரு வண்டிகளும் திரும்பிவிட்டன. ஆறு உடல்களை விட்டுப் போயிருக்கிறார்கள்.

முதல் பம்பு சிதறிவிட்டது. மாற்றுப் பம்பு பூமியிலிருந்து வர எட்டு மாதம்.

நாள் 308. காலை 06:50
மூன்று முறை கணக்குப் போட்டேன். நகரின் கூரை பழசு, அனுப்பும் காற்றில் பாதி விரிசல்களில் போய்விடுகிறது. ஒரு பம்பை இரண்டு பக்கத்துக்கும் பிரித்தால் பத்தொன்பது நாளில் எல்லாருக்கும் மூச்சு முட்டும். ஒரு பக்கத்தை மூடிவிட்டு எல்லாரும் மறு பக்கத்தில் நெருக்கியடித்து இருந்தால், எட்டு மாதமும் தாங்கும். பதினோராயிரம் பேரும். ஒருவர்கூடச் சாக வேண்டாம்.

இருவரிடமும் சொன்னேன்.

ஜனாதிபதி: "தாராளமா இங்க வரட்டும். ஆயுதத்தப் போட்டுட்டு, என்னைத் தலைவர்னு ஏத்துக்கிட்டு வரட்டும்."

பிரதமர்: "அவன் வீட்டு வாசல்ல என் ஜனம் கையேந்தி நிக்கணுமா? அவங்கள கிழக்க வரச் சொல்லு."

காலை 11:00
மேற்கில்தான் மருத்துவமனையும் பெரிய கூடங்களும். கிழக்கை மூடப்போகிறேன் என்று பொது அலைவரிசையில் அறிவித்தேன். உள்ளிருக்கும் காற்று ஆறு மணி நேரம் தாங்கும், அதற்குள் சுவரைக் கடந்துவிடுங்கள் என்றேன்.

வாசல் காவலர் யாகப்பன் கயல்காரர். அவர் சொன்னார்: "நீ மூடு தாயி. வாசல நான் தொறக்கேன். எவன் தடுக்கான்னு பாப்போம்."

மூடினேன். என் தங்கை கிழக்கில் இருக்கிறாள். மூடினேன்.

பகல் 14:20
மேற்கில் காற்றுச் செலவு ஏறியது. ஆட்கள் வருகிறார்கள்! நூறு, முந்நூறு, நானூறு பேர் அளவுக்கு. அழுதேன்.

பகல் 14:55
ஏறவில்லை. அப்படியே நிற்கிறது. யாகப்பனைக் கூப்பிடுகிறேன். பதில் இல்லை.

பகல் 15:30
ஜனாதிபதி: "ரொம்ப நன்றிம்மா. சரியான பக்கத்தத் தேர்ந்தெடுத்தீங்க. வாசல் இப்ப நம்ம கையில. கிழக்கு அடங்கட்டும், அப்புறம் தேர்தல் வெச்சுக்கலாம்."

அழைப்பைத் துண்டித்தேன்.

பகல் 15:38
கிழக்கைத் திறந்துவிட்டேன். பாதிக்குப் பாதி. இரண்டு பக்கத்துக்கும் ஒரே பத்தொன்பது நாள். பொது அலைவரிசையில் சொல்லிவிட்டேன்: வாசலைத் திறந்தால் ஒரு பக்கத்தை மூடுவேன், அதுவரை மாட்டேன். குழாய்களை மூடித் திறக்கும் வால்வுச் சக்கரங்களைக் கழற்றி ஒளித்துவிட்டேன்.

பிலோமினா: "அக்கா, காத்து வருதுக்கா. பிள்ளைங்க முழிச்சிட்டாங்க. நீ எங்க இருக்க? யாராச்சும் கூட இருக்காங்களா?"

யாரும் இல்லை என்று சொல்ல மனம் வரவில்லை.

மாலை 17:05
வெளியே வண்டிச் சத்தம். கதவை அறுக்கிறார்கள். நான் கூப்பிட்டுப் பார்த்தேன், யாரும் பேசவில்லை. எந்தப் பக்கத்து ஆட்கள் என்று தெரியவில்லை. சக்கரங்களை எங்கே வைத்தேன் என்று இதில் எழுத மாட்